ஒன்பது மில்லிமீட்டர் எங்கே போனது?

துண்டு துண்டாக ஒட்டிய குழந்தை மண்டையோட்டு வார்ப்பில் கடைசித் துண்டு காய்ந்ததும் அளவு நாடாவை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். நாடா 43.3 செ.மீ. என்றது. வந்திருக்க வேண்டியது 44.2. நாடா நழுவியிருக்கும் என்று இன்னொரு தரம் சுற்றினேன். அதே 43.3. இத்தனை மாத வேலையில் 9 மி.மீ. எங்கோ காணாமல் போயிருந்தது. அதைத் தேடிப் போனதில்தான் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன் என்பதால், ஆரம்பத்திலிருந்தே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் உண்மையான எலும்பு ஒன்றுகூட இல்லை. பழைய புதைகுழியில் கிடைக்கும் குழந்தையின் எலும்பு, பயிற்சி இல்லாதவன் தொட்டுப் பார்க்கும் பொருள் அல்ல. நான் செய்தது ஒத்திகை. ஒரு குழந்தையின் மண்டையோட்டை எலும்பு எலும்பாக அச்சில் வார்த்து, மண்ணில் புதைத்து, நசுங்கவிட்டு, தோண்டியெடுத்து, மறுபடி ஒட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான்.

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு செய்தி. கீழடிக்குப் பக்கத்தில் இருக்கும் கொந்தகையின் பழைய புதைகாட்டில் 2020-ல் 75 செ.மீ. நீளமுள்ள குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது என்று படித்தேன். ஒரு வயதுக் குழந்தையின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். குழியில் கிடக்கும் நீளம் வேறு, உயிரோடு இருந்தபோதைய உயரம் வேறு, அது இருக்கட்டும். அந்த வயதில் மண்டையோட்டின் கனம் பல இடங்களில் 2 மி.மீ.தான். அதன் மேல் அத்தனை நூற்றாண்டு மண் உட்கார்ந்திருக்கிறது. அதை எப்படித் திரும்ப ஒரு தலையாக ஆக்குகிறார்கள்? எனக்கு வார்ப்பு வேலை கொஞ்சம் தெரியும். சரி, செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

முதல் கோணல் முதல் நாளிலேயே நடந்தது. கணினியில் என்னிடம் வளர்ந்தவரின் மண்டையோட்டு மாதிரி ஒன்று இருந்தது. சுற்றளவு 44 செ.மீ. வரும்வரை அதைச் சுருக்கி முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் கொடுத்துவிட்டேன். பதினெட்டு மணி நேரம் ஓடி வெளியே வந்தது. எலும்புகளோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தம்பி, இது குழந்தை இல்ல, குள்ளமான தாத்தா" என்று பதில் வந்தது.

உண்மைதான். பிறந்த குழந்தையின் தலையில் முகம் ஒரு பங்கு என்றால் மூளைப் பெட்டி எட்டுப் பங்கு. வளர்ந்தவரிடம் அது ஒன்றுக்கு இரண்டு என்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. முதலில் மூளை அவசர அவசரமாக வளர்கிறது. முகமும் தாடையும் பல் முளைக்க முளைக்க நிதானமாகப் பின்னால் வருகின்றன. நான் அச்சடித்ததில் புருவ மேடு இருந்தது, காதுக்குப் பின்னால் பெரிய முண்டு இருந்தது, எலும்பும் எலும்பும் சேரும் கோடுகளான தையல்கள் எல்லாம் இறுகிப் பின்னியிருந்தன. எந்த வயதுக் குழந்தைக்கும் அது பொருந்தாது. அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். இப்போது அதன் மேல் கண்ணாடியை மாட்டி வைக்கிறேன்.

அக்காதான் பிறகு ஒரு வயதுக் குழந்தையின் சி.டி. ஸ்கேனிலிருந்து பாடம் நடத்துவதற்காகச் செய்த கணினி மாதிரி ஒன்றைக் கொடுத்தார். அதைத் திரையில் எலும்பு எலும்பாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் என் முன்னே இருக்கும் வேலையின் அளவு புரிந்தது. வளர்ந்தவருக்குப் பிடரி எலும்பு ஒன்றே ஒன்று. இந்த வயதில் அது நான்கு: பின்பக்கத் தகடு ஒன்று, தண்டுவடம் நுழையும் துளைக்கு இருபுறமும் இரண்டு, துளைக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டை. பின்தகடும் பக்கத் துண்டுகளும் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒட்டும். முன் கட்டை மற்றவற்றோடு சேர ஐந்து முதல் ஏழு வயது ஆகும். நெற்றி எலும்பு பிறக்கும்போது இடம் வலம் என்று இரண்டு. இந்த மாதிரியில் நடுக்கோடு பெரும்பாலும் மூடியிருந்தது, தடம் மட்டும் தெரிந்தது. கீழ்த்தாடையும் பிறக்கும்போது இரண்டுதான். முதல் வயதுக்குள் நடுவில் சேர்ந்துவிடும். உச்சிக்குழி திறந்தே இருந்தது. அது மூடப் பொதுவாக ஒன்றரை வயது வரை ஆகும்.

அதற்கப்புறமும் அவசரப்பட்டேன். மூளைப் பெட்டி முழுவதையும் ஒரே அச்சாகச் செய்து, சாதாரண பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, உருட்டி, மிச்சத்தை வடித்துவிட்டேன். உள்ளே வெறும் கூடு நிற்கும் என்று கணக்கு. நின்றது. ஆனால் அடியில் 6 மி.மீ., உச்சியில் 1 மி.மீ. அதை அப்படியே 40 × 30 × 25 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டியில், ஈர மண்ணில், இடப்பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துப் புதைத்தேன். மேலே 25 கிலோ மணல் மூட்டை. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர். ஆறு வாரம் கழித்துத் தோண்டினால் உச்சிப் பக்கம் தயிர் மாதிரி குழைந்து கிடந்தது. கீழே தடிமனாக இருந்த பகுதி மட்டும் பாளம் பாளமாக வந்தது. அதையும் விடாமல் சூப்பர் க்ளூ போட்டு நாலு துண்டு ஒட்டிப் பார்த்தேன். இரண்டு கோணலாக ஒட்டிக்கொண்டன, பிரிக்கவும் வரவில்லை. விரலில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டே பெட்டியைக் காலி செய்தேன்.

அந்தத் தோல்வியில் கிடைத்தது மூன்று. ஒன்று, பிளாஸ்டர் ஈரத்துக்கு ஆகாது. பல் மருத்துவ வேலைக்கூடங்களில் பல் மாதிரி வார்க்கப் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் வேண்டும். அதுவும் ஜிப்சம்தான், ஆனால் கெட்டி. பிளாஸ்டருக்கு 100 கிராமுக்கு 50 மி.லி. தண்ணீர் போனால் இதற்கு 30 மி.லி. போதும். இரண்டு, மண்டையோட்டைக் காலியாகப் புதைத்து மேலே பாரம் ஏற்றினால் அது பப்படம் மாதிரி உள்வாங்கும். மண் உள்ளே போய் நிரம்பியிருந்தால் உடைந்தாலும் உருவம் ஓரளவு நிற்கும். மூன்றாவதுதான் முக்கியம். ஒரே கூடாக வார்த்தால் அது முட்டை ஓடு மாதிரி எங்கே வேண்டுமானாலும் உடையும். குழந்தையின் தலை அப்படி உடையாது. முதலில் தையல்களில் பிரியும். அப்புறம்தான் ஒவ்வொரு எலும்பும் தனியாக நொறுங்கும். ஏனென்றால் அந்த வயதில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பது சவ்வு. மண்ணுக்குள் முதலில் போவதும் அந்தச் சவ்வுதான்.

ஆகவே இரண்டாவது தடவை ஒன்பது எலும்புகளைத் தனித்தனியாக வார்த்தேன். நெற்றி, பக்கச்சுவர் எலும்பு இரண்டு, பொட்டெலும்பு இரண்டு, பிடரியின் நான்கு. முகத்தையும், கண்குழிகளுக்குப் பின்னால் அடிப்பகுதியில் இருக்கும் ஆப்பெலும்பையும் வார்க்க என் கைக்கு வரவில்லை. அவற்றை ரெசினில் அச்சடித்து அப்படியே வைத்துக்கொண்டேன். கீழ்த்தாடையும் ரெசின்தான். ஸ்கேனில் தாடைக்குள் தெரிந்த பற்களில் பதினாறை மட்டும் தனித்தனியாக அச்சடித்தேன்: வெட்டுப்பற்கள் எட்டு, முதல் பால் கடைவாய்ப்பற்கள் நான்கு, இன்னும் ஈறுக்கு அடியில் தொப்பி மாதிரி உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் நான்கு. ஆறு வயதில் வெளியே வரப்போகும் பல், ஒரு வயதில் உள்ளே பாதி வழியில் இருக்கிறது.

ஒவ்வொரு எலும்புக்கும் இரண்டு பக்க சிலிகான் அச்சு. குழிந்த பக்கத்தில் கரைசலை ஊற்றி, புடைத்த பக்கத்தை மேலே வைத்து அழுத்த வேண்டும். மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து அழுத்தினால்தான் காற்று வெளியேறும். நேராக வைத்து அமுக்கினால் குமிழி. நெற்றி எலும்பில், கண்குழியின் கூரைப் பகுதியில் குமிழி விழுந்து சின்னச் சின்னத் துளைகளாக இருந்தது. முன்பக்கம் நன்றாக வந்ததால் இது போதும் என்று விட்டுவிட்டேன். இந்தக் குமிழி பின்னால் ஒரு வேலை செய்யும். சிலிகான் மட்டும் 1.4 கிலோ; மொத்தச் செலவில் பெரும்பகுதி அதுதான். டென்டல் ஸ்டோன் ஒரு மண்டையோட்டுக்கு 260 கிராம்தான் ஆனது.

சவ்வுக்கு என்ன செய்வது? மெல்லிய காஸ் துணியை விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஜெலட்டின் கரைசலில் தோய்த்து, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விட்டு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டினேன். ஈர மண்ணில் ஜெலட்டின் மெல்லக் கரைந்துவிடும், துணி தளர்ந்துவிடும், எலும்புகள் நகர ஆரம்பிக்கும். யோசனை நன்றாகத்தான் வேலை செய்தது. நாற்றத்தைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பத்தாவது நாள் பெட்டியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. எறும்பும் வந்தது. புதைக்கும்போது உச்சிக்குழி வழியாகத் தளர்வாக மண்ணைப் போட்டு உள்ளே பாதி நிரப்பினேன். மீதி தண்ணீரோடு தானே இறங்கிக்கொண்டது. மண்ணில் கொஞ்சம் கெட்டித் தேயிலைச் சாறு கலந்தேன். பழைய உடைப்பு எது, என் கையால் உடைந்தது எது என்று நிறத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக. உண்மையான எலும்பிலும் இதே கதைதான், புது உடைப்பின் விளிம்பு வெளிறித் தெரியும்.

ஆறு வாரம். மறுபடி அதே மூட்டை, அதே ஒரு லிட்டர்.

தோண்டும்போது மண் முழுக்கக் காய்ந்திருந்தது. அதுதான் நல்லது என்று நினைத்தேன். நல்லதல்ல. காய்ந்த மண் கட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கட்டியை எடுத்தால் எலும்பும் கூடவே பிய்ந்துகொண்டு வருகிறது. லேசான ஈரம் இருக்கும்போது மூங்கில் குச்சியால் கீறினால் மண் தானாக விலகும். இது புரிவதற்குள் தேக்கரண்டியால் ஏழு புது உடைப்பு போட்டுவிட்டேன். வெள்ளை வெளேரென்று ஏழு விளிம்பும் என்னைப் பார்த்துச் சிரித்தன. அடுத்த தப்பு, மேலே இருந்த வலப்பக்கத்தைத் திறந்ததும் உள்ளே இருந்த மண்ணைச் சுத்தமாக வழித்து எடுத்தது. அந்த மண்தான் இடப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. எடுத்த ஐந்தாவது நிமிடம் இடப் பக்கச்சுவர் எலும்பு உள்ளே சரிந்து நான்கு துண்டானது.

கையால் எடுத்தவை 41 துண்டு. தோண்டிய மண்ணை 2 மி.மீ. சல்லடையில் தண்ணீர் விட்டுச் சலித்ததில் இன்னும் 23. மொத்தம் 64. சலித்ததில் கிடைத்ததில் ஒன்று பிடரியின் அந்த முன் கட்டை, முழுசாக. அதைத் தோண்டும்போதே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கூழாங்கல் என்று மண் குவியலில் போட்டவன் நானேதான். நானே வார்த்தது, நானே புதைத்தது, உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும் கல் என்றே நினைத்தேன். பற்களில் 16-க்கு 13. காணாமல் போன மூன்றும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் தொப்பிகள். 2 மி.மீ. கண்ணில் அது விழ வழியில்லை, மண் கட்டிக்குள் ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். போர்ச்சுக்கலில் லாகர் வெல்யோ என்ற இடத்தில் 1998-ல் நாலு வயதுக் குழந்தை ஒன்றின் புதைகுழி கிடைத்தது. நிலத்தைச் சமப்படுத்திய எந்திரத்தில் அதன் மண்டையோடு நொறுங்கிப் போயிருந்தது. மண்ணைச் சலித்துத்தான் துண்டுகளைத் திரட்டினார்கள். படிக்கும்போது ஒரு வரியில் கடந்துபோன விஷயம் அது. ஒரு பெட்டி மண்ணைச் சலிக்க எனக்கு இரண்டு நாள் ஆனபோது முதுகில் உறைத்தது.

துண்டுகளைப் பிரிக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 64 துண்டையும் துடைத்துத் துணியில் பரப்பினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: வளைந்த, தேயிலை நிறச் சில்லுகள். முதல் நாள் விளிம்பு விளிம்பாகப் பொருத்திப் பார்த்து மூன்று ஜோடி மட்டும் சேர்த்தேன். மறுநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்த்தேன். சில்லுகளின் மேல் கோடுகள் எழுந்தன. பக்கச்சுவர் எலும்பு நடுவில் ஒரு மேட்டில்தான் எலும்பாகத் தொடங்குகிறது. அங்கிருந்து சுற்றிலும் விளிம்பை நோக்கிப் பரவுகிறது. அந்தப் பரவல் கைக்குழந்தையின் எலும்பில் விசிறி மடிப்பு மாதிரி மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கும். அச்சு அதையும் பிடித்திருந்தது. கோடுகள் நெருங்கி வரும் பக்கம் மேடு, விலகிப் போகும் பக்கம் விளிம்பு. இதைப் பிடித்த பிறகு ஒவ்வொரு சில்லுக்கும் எந்தப் பக்கம் மேலே என்று தெரிந்துவிட்டது. கனமும் உதவியது: என் வார்ப்பில் மேட்டுக்கு அருகில் 2.4 மி.மீ., விளிம்பில் 1.2. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதினேன். ஒரே இரவில் 31 துண்டுக்கு இடம் கிடைத்தது. கோடு இல்லாதவை, கனத்தவை, மேடுபள்ளமானவை எல்லாம் பொட்டெலும்பும் அடிப்பகுதியும். காதின் உள்ளுறுப்பைப் பொதிந்து வைத்திருக்கும் அந்தக் கல் போன்ற பகுதி இரண்டுமே உடையாமல் வந்திருந்தது. உண்மையான எலும்புக்கூட்டிலும் மற்றதெல்லாம் மண்ணாய்ப் போனாலும் அது நிற்கும். பழைய மரபணுவை எடுக்க அதைத்தான் தேடுவார்கள்.

ஒட்டுவதற்கு இந்தத் தடவை பாராலாய்ட் பி-72. அக்ரிலிக் பிசின், சின்னக் கண்ணாடி மணிகளாக வரும். அருங்காட்சியக வேலையில் எலும்புக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் எத்தனை வருடம் கழித்தும் அசிட்டோனில் கரைத்துப் பிரித்துவிடலாம். 50 கிராம் மணியை 50 கிராம் அசிட்டோனில் போட்டேன், அடியில் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டது. மணிகளைக் காஸ் துணியில் முடிந்து, புட்டியின் நடுவில் தொங்கவிட்டால் ஒரு ராத்திரியில் தேன் பதத்துக்கு வந்துவிடும். உதிரும் விளிம்புகளுக்கு முதலில் ஐந்து சதவீதக் கரைசலைத் தூரிகையால் தொட்டு விட்டேன். ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் காய்ந்த மணல், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் துண்டைச் செருகி நிறுத்தி, அடுத்ததை மேலே வைத்து, புவியீர்ப்பே பிடித்துக்கொள்ளும் கோணம் வரும்வரை மணலைச் சாய்க்க வேண்டும். விளிம்பில் பிசினை ஒரு நூல் மாதிரி இழுத்துப் போட்டு, சேர்த்து, ஒருமுறை அழுத்தி, லேசாக விலக்கி, மறுபடி அழுத்தினால் சரியான இடத்தில் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். கேட்கிறதா, விரலில் உணர்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. அது வரவில்லை என்றால் இடம் தப்பு. வெயில் நேரத்தில் அசிட்டோன் சீக்கிரம் பறந்து பிசினுக்குள் குமிழி கட்டியது; காலையில் மட்டும் ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு இணைப்புக்கு மேல் போகவில்லை. முதலில் ஒவ்வொரு எலும்பையும் தனியாக முடித்துவிட்டு, பிறகு எலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்தேன். 64-ல் 55 துண்டு இடத்தில் உட்கார்ந்தன. ஒன்பது இன்னும் தீப்பெட்டியில் இருக்கின்றன.

முடித்ததைப் பார்க்க நன்றாகவே இருந்தது. தையல்கள் எல்லாம் சிக்கென்று மூடியிருந்தன. அளவு நாடா மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கொள்ளளவையும் பார்த்தேன். தண்டுவடம் நுழையும் துளையை மேலே வைத்து, உச்சிக்குழியையும் மற்ற ஓட்டைகளையும் உள்ளிருந்து துணியால் அடைத்து, கடுகை நிரப்பி, அளவுக் குவளையில் கொட்டுவது. விதையைக் கொண்டு மண்டையோட்டை அளப்பது பழைய முறை. மூன்று தரம் அளந்தேன்: 805, 812, 816 மி.லி. தட்டிவிடும் வேகத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் அளவு இது, அதனால் மூன்றின் சராசரியை வைத்துக்கொண்டேன். மூல மாதிரியை இதே கடுகில் அளந்தால் 860. ஏறத்தாழ 50 மி.லி. போயிருந்தது.

அக்காவிடம் எதையும் சொல்லாமல், அளவையும் மறைத்து, பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். "எத்தனை மாசக் குழந்தைன்னு சொல்லுங்க அக்கா" என்றேன். மூல மாதிரியைக் கொடுத்தது அவர்தான், ஆனால் அவரிடம் ஆறு வயது வரை வெவ்வேறு மாதிரிகள் இருக்கின்றன. எதைக் கொடுத்தார் என்று ஞாபகம் இல்லை என்றார். மண்டையோட்டை அவர் தொடவே இல்லை.

"பல் எங்க?"

நான் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொட்டி, வரிசையாக அடுக்கி, கடைவாய்ப்பல்லின் தொப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பிடரியின் முன் கட்டையை எடுத்து வெர்னியரில் வைத்தார். அகலம் 21 மி.மீ., நீளம் 19. பிறக்கும் சமயத்தில் நீளம்தான் அதிகமாக இருக்கும். ஐந்து மாதத்துக்கு மேல் அகலம் நீளத்தைத் தாண்டிவிடும். "அஞ்சு மாசம் தாண்டியாச்சு. பல்லு ஒரு வயசுங்குது" என்றார். கடைசியாகத்தான் நாடாவை எடுத்து மண்டையோட்டைச் சுற்றினார். நெற்றியைத் திருப்பிக் கண்குழியின் கூரையைப் பார்த்தார்.

"தலை பத்து மாசம்தான் வருது. கண்குழியில துளைதுளையா இருக்கு. பிறந்து ஒரு வருஷத்துல வளர்ச்சி நின்னுபோன குழந்தை, ரத்தசோகையும் இருந்திருக்கலாம்னு எழுதிடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. கண்குழிக் கூரையில் வரும் அந்த மாதிரித் துளைகள் பழைய எலும்புக்கூடுகளில் அடிக்கடி தென்படுவது. ரத்தசோகையோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். நான் வைத்தது காற்றுக் குமிழி. அது விளையாட்டு. தலை அளவு விளையாட்டில்லை. முதல் வருடத்தில் தலைச் சுற்றளவு ஓடுகிற ஓட்டம் தெரிந்தால் அது புரியும்: முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதன்பின் ஆறு மாதமும் அரை அரை செ.மீ. ஆக 9 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட இரண்டு மாத வளர்ச்சி. குழந்தை பசியில் வாடினாலும் பல் பெரும்பாலும் தன் கணக்குப்படியே உருவாகும், எலும்புதான் பின்தங்கும். அதனால்தான் பல்லைக் கொண்டு வயதைச் சொல்லி, எலும்பின் அளவை அதோடு ஒப்பிட்டு, அந்தக் குழந்தை எப்படி வளர்ந்தது என்று கணிக்கிறார்கள். என் பிசின் வேலை ஒரு நல்ல ஆரோக்கியமான குழந்தையை வாடிய குழந்தையாக ஆக்கியிருந்தது.

"தையல எல்லாம் ஏன் இப்படி மூடி வெச்சிருக்க?" என்று கேட்டார். அங்கேதான் 9 மி.மீ. இருந்தது. அல்லது அதில் பெரும்பங்கு.

வளர்ந்தவரின் தையல்கள் பல் பல்லாகப் பின்னிக்கொள்ளும், சரியாகச் சேர்த்தால் பூட்டு மாதிரி விழும். ஒரு வயதில் விளிம்பு கிட்டத்தட்ட வெறும் விளிம்புதான். நடுவில் சவ்வுக்கான இடம் இருந்தது. பிரித்துப் புதைக்கும்போது அந்த இடைவெளியைக் காஸ் துணி போட்டு விட்டவன் நான். ஒட்டும்போது அதே கை, விரிசலைப் பார்த்ததும் மூடிவிட்டது. மூல மாதிரியில் இடைவெளியை அளந்தேன், சராசரி 1.5 மி.மீ. அளவு நாடா சுற்றி வரும் வழியில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு தையலைக் கடக்கிறது. 6 மி.மீ. கணக்கில் வந்துவிட்டது. மீதி 3? இடப் பக்கச்சுவர் எலும்பில், சரிந்து உடைந்த அந்த நான்கு துண்டில், இரண்டு இணைப்பு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. வலதோடு வளைவு அட்டையை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது.

பிரித்தேன். மூடி இறுக்கமான டப்பாவில், அசிட்டோன் நனைத்த பஞ்சோடு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் இணைப்புகள் மிட்டாய் மாதிரி இளகியிருந்தன. சூப்பர் க்ளூவாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. தையல்களில் எலும்புகளைப் பிரித்து வைத்துவிட்டு, எலும்புக்குள் சந்தேகமான அந்த இரண்டு இணைப்பை மட்டும் விலக்கினேன். வலப்பக்க எலும்பிலிருந்து அட்டையில் வளைவு வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு இடப்பக்கத்தைச் சரிசெய்தேன். மெழுகுத் தகட்டை 1.5 மி.மீ. கனத்தில் பட்டைகளாக அரிந்து, எல்லாத் தையலிலும் வைத்துவிட்டுத்தான் சேர்த்தேன். முதலில் முழுவதையும் காகித டேப்பில் பிசின் இல்லாமல் நிறுத்தி, நாடா சுற்றி, ஒத்துக்கொண்ட பிறகே பிசின் போட்டேன். முதல் தடவையே இப்படிச் செய்திருக்க வேண்டும். சுற்றளவு 44.0 செ.மீ. வந்தது, கடுகில் கொள்ளளவு 848 மி.லி. இன்னும் 2 மி.மீ. குறைகிறது, உதிர்ந்துபோன விளிம்புகளும் தீப்பெட்டியில் இருக்கும் ஒன்பது சில்லும் அதை வைத்துக்கொண்டிருக்கலாம்.

என் ஒத்திகையில் ஒரு சலுகை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1.5 மி.மீ. என்பது எனக்கு மூல மாதிரியிலிருந்து கிடைத்த எண். குழியிலிருந்து எடுத்தவருக்கு மூலம் எங்கே இருக்கிறது? அவர் ஒரு பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக மறுபக்கத்துக்குப் பயன்படுத்தலாம், எலும்பைத் தொடாமல் ஸ்கேனிலேயே சேர்த்துப் பார்க்கலாம். அதோடு, டென்டல் ஸ்டோன் உடையுமே தவிர வளையாது. உண்மையான குழந்தை எலும்பு ஈர மண்ணின் பாரத்தில் உடையாமலேயே முறுக்கிக்கொள்ளும். அப்போது இரண்டு விளிம்பும் சரியாக இருந்தும் சேராது.

அடுத்த தடவை தோண்டி எடுக்கப் போவதில்லை. கென்யாவில் பங்கா யா சைதி குகையில் கிடைத்த, சுமார் 78,000 ஆண்டு பழைய குழந்தையின் எலும்புகள் தொட்டால் பொடியாகும் நிலையில் இருந்தன. சுற்றி இருந்த மண்ணோடு சேர்த்துப் பிளாஸ்டர் போட்டு, ஒரே கட்டியாகத் தூக்கிப் போய், ஆய்வகத்தில் வைத்துத்தான் பிரித்தார்கள். 25 செ.மீ. கட்டியை நானும் அப்படித் தூக்கிவிடலாம். உள் மண்ணைக் கடைசியில்தான் எடுப்பேன். 1 மி.மீ. சல்லடை வாங்கிவிட்டேன்.

மூன்றாவது பெட்டியை அக்காவே புதைத்துக் கொடுத்திருக்கிறார். எந்த வயது மாதிரி என்று சொல்லவில்லை. அச்சு அவருடையது, உள்ளே எத்தனை எலும்பு என்றும் தெரியாது. மூட்டையை ஏற்றிப் பதினோரு நாள் ஆகிறது. இந்தத் தடவை ஜெலட்டினில் கொஞ்சம் கிராம்பு எண்ணெய் விட்டிருக்கிறார். நாற்றம் இன்னும் வரவில்லை, எறும்பு மட்டும் வந்துவிட்டது.